சுங்குடியில் கௌல் நெக் விழ மாட்டேங்குது, புள்ளியில் சாயம் இறங்குது: வசந்தத் தொகுப்புக்கு யோசனை தேவை

நூல்கண்டு:

பங்குனிக்குள்ள கடைக்குப் போக வேண்டிய பத்து உருப்படி. எல்லாமே பெண்கள் உடை, எல்லாமே சுங்குடி, அதாவது புள்ளி புள்ளியா சாயத்தைத் தடுத்துப் போடுற மதுரைப் பருத்தி. கிராஸா (இழைக்குக் கோணலா) வெட்டி கௌல் நெக் (கழுத்துல மடிப்பு மடிப்பா தொங்குற டிசைன்) வச்ச நீள கவுன் நாலு, பாவாடை மூணு, டாப்ஸ் மூணு.

துணி விவரம்: மதுரை பத்துத்தூண் சந்துல எடுத்த மெழுகு அச்சுச் சுங்குடிச் சேலை (புள்ளியைக் கட்டாம மெழுகால அச்சு வச்சுச் சாயம் போட்டது). 80-ஆம் நம்பர் நூல் (நம்பர் கூடக்கூட நூல் மெலிசு), அகலம் 47 இஞ்ச், ரெண்டு பக்கமும் சரிகைக் கரை, ஒரு சேலை எடை 540 கிராம்.

சிக்கல்கள்:

கௌல் நெக்கை முதல்ல விஸ்கோஸ் கிரேப்புல (மரக்கூழ் நூல்ல நெஞ்ச, நல்லா வழியுற துணி) வெட்டிப் பார்த்தப்ப மடிப்பு மடிப்பா அழகா விழுந்துச்சு. அதே பேட்டர்னைச் சுங்குடியில வெட்டினா கழுத்துக்கிட்ட காகிதம் மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது. கீழ்மடிப்பு அடிச்சு ரெண்டு நாள் தொங்கவிட்டா ரெண்டு இடத்துல மட்டும் ஒன்றரை இஞ்ச் இறங்கிப்போகுது.

அரக்குச் சிவப்புத் துணியை ஒரு தடவை அலசினதும் வெள்ளைப் புள்ளி எல்லாம் ரோஸ் ஆயிருச்சு. கல்லுப்பும் வினிகரும் போட்டு ராத்திரி முழுக்க ஊறவச்சும் பிரயோஜனமில்ல.

அலசினப்புறம் சரிகைக் கரை அலையலையா நெளியுது.

கடைசியா கலர். மின்ட், லாவெண்டர், பீச்னு இளங்கலரா யோசிச்சு வச்சிருந்தேன். சாம்பிள்ல புள்ளி இருக்கிறதே தெரியல. எங்க தப்புன்னு சொல்லுங்க.

கத்தரிக்கோல்:

வெட்டு மேல பழி போடுறதுக்கு முந்தி துணியில இன்னும் என்னென்ன ஒட்டிக்கிட்டு இருக்குன்னு பாருங்க தங்கச்சி. கடையில இருந்து வர்ற சுங்குடியில கஞ்சி இருக்கும். மெழுகு அச்சுன்னா போகாத மெழுகும் கொஞ்சம் இருக்கும். ரெண்டும் சேர்ந்தா எந்தக் கௌலும் விழாது.

சோதிக்கிறது லேசு. துணியை விரிச்சு ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. ரெண்டு மூணு வினாடியில உறிஞ்சிட்டா சரி. தாமரை இலைத் தண்ணி மாதிரி உருண்டு நின்னா மெழுகு இருக்கு. மருந்துக்கடை டிங்க்சர் அயோடின்ல ஒரு சொட்டை நாலு சொட்டுத் தண்ணியில கலந்து ஓரமா வைங்க, கருநீலமா மாறினா கஞ்சி. ரெண்டு செய்தித்தாளுக்கு நடுவுல துணியை வச்சு நல்ல சூட்டுல தேய்ச்சுப் பாருங்க. தாள்ல எண்ணெய்ப் பசை மாதிரி புள்ளி விழுந்தா, நீங்க தைக்கிறது பாதி மெழுகுத் துணி.

கஞ்சி போக ஒரு ராத்திரி பச்சைத் தண்ணியில ஊறட்டும். காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, கை பொறுக்கிற சூட்டுல சோப்புப் போட்டு அலசுங்க. மெழுகுக்குக் கொதி தண்ணிதான் வேணும். அதுல சாயப் பிரச்சினையும் கலந்திருக்கு, பட்டறைக்காரங்க யாராவது சொல்வாங்க.

இப்பவே சுருக்கமும் அளந்துக்கிருங்க. வெட்டாத துணியில 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் கட்டம், நூல் தையலால குறிங்க. பேனா அழிஞ்சிரும். அலசி, காயவச்சு, தேய்ச்சு அளந்தா பாவு (நீளவாட்டு நூல்) பக்கம் 48 வந்தா 4 சதவீதம். ஊடை (குறுக்கு நூல்) பக்கம் வேற கணக்கு வரும், ரெண்டையும் தனித்தனியா எழுதி வைங்க. உங்க கரை நெளியுறதும் இதே கதைதான். இப்ப வர்ற சரிகை முக்கால்வாசி பாலியஸ்டர், அது சுருங்காது. உடம்புப் பருத்தி சுருங்குது. ரெண்டும் ஒரே தறியில ஒண்ணா நெஞ்சது, அப்புறம் நெளியாம என்ன செய்யும்? அலசின பிறகு கரையைத் தனியா வெட்டி எடுத்து, பின்பக்கமா மேல ஒரு ஈரத்துணி போட்டு மிதமான சூட்டுல படியத் தேய்ச்சு, சுருங்கி முடிச்ச உடம்புத் துணியில திரும்ப வச்சுத் தைக்கிறதுதான் வழி. சரிகை மேல நேரா அயர்ன் பாக்ஸ் வச்சா மினுமினுப்புப் போயிரும்.

இனி கிராஸ். நீங்க மாதிரிக்கு எடுத்த துணியிலதான் ஏமாந்திருக்கீங்க. கிரேப் நூலு நல்லா முறுக்கேறின நூலு, நெசவும் கொஞ்சம் தளர்வு, கனமும் உண்டு. கோணத்துல தொங்கவிட்டா இழை ஒண்ணு மேல ஒண்ணு நகர்ந்து வழியும். பாரிஸ் டிசைனர் மேடலின் வியோனே 1920-கள்ல கிராஸ் வெட்டுக்குப் பேர் வாங்குனது பட்டுக் கிரேப்ல. அதுக்குன்னே வழக்கத்தை விட அகலமா நெஞ்சு வாங்குவாங்க. உங்க கையில இருக்கிறது 47 இஞ்ச், அதுலயும் கரை போக 40 சொச்சம். நெருக்கமா நெஞ்ச லேசான பருத்தி. மாதிரியை எந்தத் துணியில வெட்டுறமோ, அந்தத் துணிக்குத்தான் அந்த உண்மை பொருந்தும். அடுத்த தடவை இதே 80 நம்பர் காடாவை (சாயம் போடாத துணி) அலசி எடுத்து அதுல வெட்டிப் பாருங்க.

ரெண்டு இடத்துல இறங்குறது ஏன்னா, ஒரு வட்டமா வர்ற கீழ்விளிம்புல கிராஸ் விழுற இடம் மட்டும் நீளும், பாவும் ஊடையும் நேரா விழுற இடம் நீளாது. தைச்சு, கீழ்மடிப்பு அடிக்காம, டம்மியில 48 மணி நேரம் தொங்கணும். அப்புறம் தரையில நட்டமா ஸ்கேலை வச்சு, தரையிலிருந்து அளந்து சாக்பீஸ் கோடு போட்டு வெட்டுங்க. மேசையில மடிச்சுப் போட்டு சமமாக்குனா திரும்பவும் கோணிரும்.

என்னைக் கேட்டா, நாலு கவுனையும் கிராஸ்ல வெட்டுறது இந்தத் துணிக்கு அநியாயம். சேலையைக் கட்டும்போது கவனிச்சிருக்கீங்களா? பாவு நூல் இடுப்பைச் சுத்திப் படுக்கையா ஓடும், ஊடைதான் மேலிருந்து கீழா தொங்கும். தறியில பாவு இழுத்துக் கட்டி விறைச்சே நிக்கும், ஊடை கொஞ்சம் தளர்வா விழும். கொசுவம் வைக்கிறப்ப மடிப்புக் கோடு அந்த ஊடையோட வாக்குலயே விழுறதாலதான் அம்புட்டு சொகுசா நிக்குது. தையல்ல நாம வழக்கம்போல பாவை நட்டமா வச்சு வெட்டிட்டு, சேலையில இருந்த அழகு எங்க போச்சுன்னு தேடுறோம். சுங்குடியை ஊடை நட்டமா வச்சு, சுருக்கும் மடிப்புமா டிசைன் பண்ணுங்க. கரை தானா கீழ வந்து விழும், கீழ்மடிப்பே வேண்டியதில்ல. ஒண்ணே ஒண்ணு, கரையை வளைவான கீழ்விளிம்புல வைக்கப் பார்க்காதீங்க. நேர்கோட்டுச் சட்டமா வெட்டின துணிக்கு மட்டும்தான் கரை ஒத்துவரும்.

சாயத்தொட்டி:

உப்பு, வினிகர் சமாசாரத்தை முதலில் மறந்துவிடுங்கள். சாயம் போடும்போது உப்புக்கு வேலை உண்டு, சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளும். போட்டு முடித்த சாயத்தை உப்பு கெட்டிப்படுத்தாது. வினிகருக்குப் பருத்தியில் அந்த வேலையே இல்லை.

மெழுகு அச்சில் சூடு வைக்க முடியாது. பாரஃபின் 55 முதல் 60 டிகிரிக்குள் உருகிவிடும். அதனால் குளிர்ந்த தொட்டியில் பிடிக்கிற சாயம்தான் போடுவார்கள், பெரும்பாலும் நாப்தால் அல்லது கோல்ட் பிராண்ட் ரியாக்டிவ் (சோடா போட்டதும் பருத்தி இழையோடு பிணைகிற சாயம்). அரக்குச் சிவப்பு நாப்தாலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாப்தாலில் சாயம் இழைக்குள்ளேயே உருவாகிறது. சரியாகச் சோப்புக் கொதி கொடுக்காவிட்டால் இழையின் மேலேயும் பொடியாக உட்கார்ந்திருக்கும். அதுதான் உரசினால் வரும்.

உங்கள் புள்ளி ரோஸ் ஆனதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்: மெழுகு இருக்கும்வரை புள்ளி பத்திரம். சாயம் போட்டதும் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசாமல் நேரே கொதிக்கவைத்து மெழுகு எடுத்தால், ஒட்டாத சாயமெல்லாம் அந்தக் கொதி தண்ணீரில் கரைந்து, அப்போதுதான் வெளியே வந்த வெள்ளைப் புள்ளியில் ஏறிக்கொள்ளும். தண்ணீர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிற இடத்தில் இது தவறாமல் நடக்கும். அடுத்த சரக்குக்குப் பட்டறையில் நீங்களே நின்று பாருங்கள். அலசுகிற தண்ணீர் தெளிகிறவரை பச்சைத் தண்ணீர், அதன் பிறகே கொதி. மெழுகு மேலே மிதக்கும்போதே துணியைத் தூக்கிவிட வேண்டும். தண்ணீர் ஆறுகிறவரை துணி உள்ளே கிடந்தால் மெழுகு திரும்ப வந்து படியும். மேலே அவர் சொன்ன தாமரை இலை விஷயம் அப்படி வருவதுதான்.

கையில் இருக்கிற துணிக்கு: ஒரு துண்டு வெட்டி, அதே அளவு வெள்ளைப் பருத்தியோடு சேர்த்துத் தைத்து, லிட்டருக்கு 2 கிராம் சோப்பும் 2 கிராம் சோடா ஆஷும் (சலவைச் சோடா) போட்ட தண்ணீரில் 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். பிறகு புதுத் தண்ணீரில், புது வெள்ளைத் துணியோடு இன்னொரு முறை. முதல் முறை வெள்ளை கறைபட்டு, இரண்டாம் முறை சுத்தமாக நின்றால் மேலே இருந்த பொடிச் சாயம் போய்விட்டது, மொத்தத் துணிக்கும் அதையே செய்யலாம். சரிகையின் பளபளப்பு மட்டும் கொஞ்சம் மங்கும். இரண்டு முறையும் வெள்ளைத் துணி ஒரே மாதிரி சிவந்தால் அது டைரக்ட் சாயம், இழையோடு பிணையாமல் சும்மா ஒட்டியிருப்பது. அது சாகும்வரை போய்க்கொண்டே இருக்கும். ஃபிக்ஸர் என்று விற்கிற திரவம் ஓரளவு தடுக்கும். ஆனால் கலர் கொஞ்சம் மாறும், சில சாயங்களுக்கு வெயில் தாங்குகிற சக்தி குறையும். அந்தத் துணியை வெள்ளைப் புள்ளி உள்ள எதிலும் சேர்க்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள்.

சொந்தமாகப் போடுவதானால் 1 கிலோ துணிக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டு சேலைக்கு, 20 லிட்டர் தண்ணீர். நடுத்தர கலருக்குக் கோல்ட் பிராண்ட் சாயம் 20 கிராம், உப்பு 1 கிலோ, சோடா ஆஷ் 300 கிராம். துணியை முதலில் சோப் ஆயில் கலந்த தண்ணீரில் முழுக்க நனைத்துப் பிழியுங்கள். காய்ந்த இடம் இருந்தால் திட்டு விழும். சாயத்தைப் பச்சைத் தண்ணீரில் குழைத்துத் தொட்டியில் விட்டுப் பத்து நிமிடம் புரட்டி, உப்பை மூன்று பங்காகப் பத்து நிமிட இடைவெளியில் போடுங்கள். உப்பை மொத்தமாகக் கொட்டினால் மேல் மடிப்பு மட்டும் கலரைக் குடித்துவிடும். அரை மணி கழித்துச் சோடா ஆஷைத் தனியே கரைத்து, துணியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு ஊற்றி, இன்னும் ஒரு மணி நேரம் புரட்டல். சோடா விழுந்த பிறகு சாயத் தண்ணீர் உயிரோடு இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான். மிச்சத்தை நாளைக்கு எடுத்துவைத்தால் அது வெறும் கலர்த் தண்ணீர், பிடிக்காது.

சோப்புக் கொதிக்கு முன்பு உப்பு முழுக்கப் போகும்படி அலச வேண்டும். உப்பு மிச்சமிருந்தால் பிடிக்காத சாயத்தையும் அது துணியோடு பிடித்துவைத்திருக்கும், சோப்பு எவ்வளவு போட்டாலும் வெளியே வராது. பிறகு மெழுகு எடுப்பு, கடைசியில் 90 டிகிரிக்கு மேல் 15 நிமிடம் சோப்புக் கொதி.

போர் தண்ணீரா? நம் பக்கம் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான், சுண்ணாம்பும் அதிகம். கலர் மங்கி, துணியில் புள்ளி புள்ளியாகச் சாயம் திரியும். லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கால்கான் (தண்ணீரின் சுண்ணாம்பைக் கட்டிவைக்கிற பொடி) போட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

மாந்தளிர்:

கலருக்கு மட்டும் நான்.

கட்டிச் சாயம் போட்டாலும் சரி, மெழுகு வச்சாலும் சரி, புள்ளி எப்பவும் தரையை (புள்ளியைச் சுத்தியிருக்கிற துணிக் கலரை) விட வெளுப்பாத்தான் வரும். இது தடுப்புச் சாயம். தடுத்த இடம் பழைய கலர், தடுக்காத இடம் புதுக் கலர். தரையே மின்டா இருந்தா புள்ளிக்கு வெளுக்க இடம் எங்க இருக்கு? போன்ல ஒரு படம் எடுத்துக் கறுப்பு-வெள்ளையா மாத்துங்க. புள்ளி காணாமப் போச்சுன்னா அந்தக் கலர் சுங்குடிக்கு ஆகாது. ஆறடி தள்ளி நின்னு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் போதும்.

மின்ட்டுக்கு இன்னொரு தொல்லை. அந்தக் கலருக்கு வழக்கமா கைவைக்கிற டர்க்காய்ஸ் ரியாக்டிவ் சூட்டுலதான் ஒழுங்கா பிடிக்கும், மெழுகு அதைத் தாங்காது. இளங்கலர்ங்கிறது அதே சாயத்தோட அடர்கலரை விட வெயில்ல சீக்கிரம் வெளுக்கவும் செய்யும். ஷோகேஸ்ல ரெண்டு வாரம் தொங்கினா தோள்ல ஒரு கலர், மடிப்புக்குள்ள ஒரு கலர்.

ஸ்பிரிங்னாலே இளங்கலர்னு வர்றது பாரிஸ் கணக்கு. அங்க ஸ்பிரிங் தொகுப்பை முந்தின செப்டம்பர், அக்டோபர்லயே மேடையில காட்டி முடிச்சிருவாங்க. உடுத்துறவங்களுக்கு அது பனி விலகுற பருவம், வெளிச்சம் மெல்லிசு. நம்மூர் பங்குனி மத்தியான வெளிச்சத்துல பீச்சும் லாவெண்டரும் வெள்ளைக்கும் அழுக்குக்கும் நடுவுல நிக்கும். நம்ம வசந்தம் என்ன கலர்னு மரத்தைப் பார்த்தாலே தெரியுமே. மாந்தளிரோட செம்பு, வேப்பங்கொழுந்தோட பழுப்பு கலந்த பச்சை, சரக்கொன்றை மஞ்சள், மல்லி மொட்டோட பச்சை ஓடுற வெள்ளை. இதோட அடர்த்திக்கு ஒரே ஒரு அரக்கு. பத்து உருப்படிக்கு இந்த அஞ்சு போதும். மதுரைக் கடைக்குன்னா பச்சை ஒண்ணாவது கண்டிப்பா இருக்கட்டும். அழகர் என்ன கலர் பட்டுல ஆத்துல இறங்குறாருன்னு பார்க்கிற ஊரு இது, பச்சைன்னா செழிப்பு.

சாயம் ஏத்துற வரிசையிலதான் இந்தக் கலர்கள் கிடைக்கும். வெள்ளைத் துணியில முதல் புள்ளியைக் கட்டுங்க, கொன்றை மஞ்சள்ல முக்குங்க. காய்ஞ்சதும் கட்டு அவிழ்க்காம ரெண்டாவது புள்ளி கட்டி, சிவப்புல முக்குங்க. தரை செம்பு கலந்த சிவப்பு, புள்ளி பாதி வெள்ளை, பாதி மஞ்சள். மஞ்சள் மேல நீலம் போட்டா பச்சைதான் வரும், நீலம் வேணும்னா முதல்லயே மஞ்சளைத் தவிர்க்கணும். வெளுப்புல ஆரம்பிச்சு அடர்த்திக்குப் போகலாம், திரும்பி வர வழி கிடையாது.

உங்க மின்டையும் பீச்சையும் தூக்கிப் போட வேண்டாம். புள்ளியில்லாத வெறுந்துணியா லைனிங்குக்கும், கொசுவம் உள்மடிப்புக்கும் வைங்க. நடக்கும்போது மட்டும் எட்டிப் பார்க்கும்.

கலரை டியூப்லைட் அடியில முடிவு பண்ணாதீங்க. காலை பத்து மணிக்கு மேல, நேர் வெயில் படாத வடக்குப் பக்க ஜன்னல். ஈரத்துணி எப்பவும் ஒரு படி அடர்த்தியா காட்டும், காய்ஞ்சு தேய்ச்ச துண்டை மட்டும் பாருங்க.

அச்சுச் சுங்குடியை 'கைக்கட்டு'ன்னு லேபிள் போட்டுறாதீங்க. மதுரைச் சுங்குடிக்கு 2005-லயே புவிசார் குறியீடு இருக்கு, தெரிஞ்சவங்க புள்ளியைப் பார்த்தே சொல்லிருவாங்க. கையால கட்டினது வட்டமா இருக்காது, கோணல் சதுரம் மாதிரி இருக்கும். நடுவுல ஊசிமுனை அளவு சாயம் இருக்கும், துணி அங்க சின்னதா மொக்கு விட்டிருக்கும்.

நூல்கண்டு:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. நாலு கவுன்ல மூணை மாத்திக்கிறேன். சோப்புக் கொதி இன்னிக்கே ஒரு துண்டுல போட்டாச்சு: முதல் தண்ணி ரத்தம், ரெண்டாவதுல வெள்ளைத் துணி கிட்டத்தட்ட சுத்தம். அயோடின் சொட்டு கருநீலமாச்சு, கஞ்சியும் இருந்திருக்கு.

ரெண்டு கேள்வி. ஊடை நட்டமா வச்சுப் பாவாடைன்னா, பின்கொசுவத்தைத் தைச்சே நிறுத்த முடியுமா? இடுப்பு 32, ஹிப் 40, நீளம் 40. அப்புறம், ஒரே ஒரு கவுனாவது கௌல் நெக்கோட வேணும்னா என்ன துணி?

கத்தரிக்கோல்:

தாராளமா முடியும். கணக்கு இது.

ஹிப் 40, தளர்வு 3, ஆக 43. ஆறு கொசுவம், ஒவ்வொண்ணும் 3 இஞ்ச் ஆழம். ஒரு கொசுவம் உள்ள போய்த் திரும்ப வர 6 இஞ்ச் துணி தின்னும், ஆறுக்கும் 36. 43-உம் 36-உம் 79, தையலுக்கு ஒண்ணு சேர்த்து 80 இஞ்ச். 2 மீட்டர் சொச்சம். ஒரு சேலையில ரெண்டு பாவாடையும் மிச்சத்துல ஒரு டாப்ஸும் வரும், முந்தானையை டாப்ஸுக்கு ஒதுக்கிருங்க.

உசரம்: நீளம் 40, இடுப்புக்கு மேல விசிறி மாதிரி விரியுற கொசுவத் தலைக்கு 5, மொத்தம் 45. அலசினா 47 இஞ்ச் அகலம் 45-க்கு வந்துரும், அதனால வெட்டுறதுக்கு முந்தி அலசுன்னு அடிச்சுச் சொல்றேன். கொசுவம் இல்லாத பக்கம் அந்த 5 இஞ்சை இடுப்புல வெட்டி எடுத்துருங்க. கீழ்க்கரை தறியில வந்த கரையாவே நிக்கும். மேல்கரைச் சரிகை விசிறியில வந்து நிக்கிறதுதான் இதுல பார்க்கவேண்டிய காட்சி.

இடுப்பு 32-க்குத் தளர்வு 1 விட்டு 33. ஹிப்போட 43-க்கும் இதுக்கும் வித்தியாசம் 10. ஆறு கொசுவத்தையும் இடுப்புக்கிட்ட ஒவ்வொரு இஞ்ச் கூட இழுத்தா 6 போயிரும். முன்னாடி ஒரு இஞ்ச் டார்ட் (கூம்பா பிடிக்கிற தையல்) ரெண்டு, பக்கத்துக்கு ஒரு இஞ்ச் சரிவு. பத்தும் தீந்துச்சு.

எல்லாரும் தப்பு பண்ற இடம் இடுப்புப்பட்டி. ஆறு கொசுவத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனா அந்த 3 இஞ்ச்ல 13 மடிப்புத் துணி. 11-ஆம் நம்பர் ஊசி உடையும். அங்க மட்டும் 16 போட்டு, தையலை நீளமாக்கி, சக்கரத்தைக் கையால சுத்துங்க. அடுக்கும்போது ஒவ்வொண்ணையும் கால் இஞ்ச் தள்ளி வச்சா மேடு படியும், விசிறியும் விரிஞ்சு காட்டும். பட்டிக்குள்ள ஒன்றரை இஞ்ச் கேன்வாஸ், பின்பக்கம் ட்வில் நாடா. இல்லாட்டி கொசுவ கனம் பட்டியைப் பின்னால இழுத்து முன்பக்கம் தூக்கிரும். ஒவ்வொரு கொசுவத்தையும் இடுப்பிலிருந்து 4 இஞ்ச் கீழ வரைக்கும் உள்பக்கமா தைச்சு நிறுத்துங்க, அதுக்குக் கீழ விட்டுருங்க. லைனிங் கீழ ஒரு இஞ்ச் குட்டையா, தனியா தொங்கட்டும். சேர்த்துத் தைச்சா முதல் அலசல்லயே இழுக்கும்.

விசிறிக்கு மட்டும், தைச்சு முடிச்சப்புறம் லேசா கஞ்சி தடவித் தேய்க்கலாம்.

பாவும்ஊடையும்:

கத்தரிக்கோல் அண்ணன் கிராஸை ஒரேயடியா ஒதுக்கிட்டாரு, அதுல எனக்கு உடன்பாடில்ல. 80 நம்பர்ல வராது, சரி. 100-க்கு 100 மல்லுல (பாவும் ஊடையும் 100 நம்பர் நூல், மெல்லிசு பருத்தி) வரும், அதையும் சுங்குடியாக் கட்டலாம். கௌலுக்கு வேண்டியது கோணமும் கனமும். மல்லுல கனம் இல்ல, அதை நாமதான் கொடுக்கணும். கௌல் விளிம்பை உள்பட்டி தனியா வச்சுத் தைக்காம, அதே துணியை 5 இஞ்ச் உள்ள மடிஞ்சு விழுற மாதிரி சேர்த்தே வெட்டுங்க. மடிப்போட நடு முனையில 10 கிராம் கனத்தை ஒரு சின்னத் துணிப்பையில போட்டு உள்பக்கமா தொங்கவிடுங்க. தூண்டில்காரங்க போடுற ஈயக்குண்டு வேண்டாம், கழுத்துக்கிட்ட படுற இடம். ஸ்டீல் வாஷர் போதும், அலசும்போது கழட்டுற மாதிரி ஒரு பட்டன். தோள் தையல்ல மட்டும் நாடா வச்சுத் தைங்க, இல்லாட்டி தோளும் சேர்ந்து நீண்டுரும்.

வெட்டும்போது மல் நழுவும். அடியில நியூஸ்பேப்பர் விரிச்சு, குண்டூசி குத்தி, தாளோட சேர்த்தே ஒத்தை மடிப்பா வெட்டுங்க. ஊசி 9-ஆம் நம்பர். கிராஸ் தையலுக்கு நேர் தையல் போட்டா துணி நீளும்போது நூல் அறுந்துரும். அரை மில்லிமீட்டர் அகல ஜிக்ஜாக், நீளம் இரண்டரை. வெறும் பார்வைக்கு நேர் தையலாத்தான் தெரியும். துணி கால்வாசியாவது கூடப் பிடிக்கும், விலையில அதைச் சேர்த்துக்கங்க.

இன்னொண்ணு, கைக்கட்டுத் துணின்னா கட்டு அவிழ்த்த மொக்கு மொக்கான நிலையில பேட்டர்ன் வைக்காதீங்க. அது சுருங்கி நிக்கிற அளவு. மொக்கைத் தேய்ச்சுப் படிய வச்சா அகலம் கூடும், அப்படியே விட்டா உடுத்தி உடுத்தித் தானா விரியும். எப்படித் தைக்கப் போறீங்களோ, ரெண்டுல ஒண்ணை முதல்லயே முடிவு பண்ணிட்டு அளவு எடுங்க.

சாயத்தொட்டி:

அந்த ஒரு கவுனை விஸ்கோஸ் கிரேப்பிலேயே தைத்துவிடலாம் என்று தோன்றினால் ஒரு எச்சரிக்கை. கோல்ட் பிராண்ட் விஸ்கோஸிலும் பிடிக்கும். ஆனால் அதே அளவு சாயத்துக்குப் பருத்தியை விடப் பெரும்பாலும் அடர்த்தியாக வரும். ஒரே தொட்டியில் இரண்டையும் முக்கினால் ஒரே தொகுப்பில் இரண்டு அரக்கு வரும். விஸ்கோஸுக்கு 10 கிராம் துண்டுகளை வைத்து, பருத்திக்குப் போட்டதில் 70, 80, 90 சதவீதம் என்று மூன்று கிண்ணத்தில் போட்டு, காய்ந்து தேய்த்த பிறகு பருத்தித் துண்டோடு ஜன்னல் வெளிச்சத்தில் ஒட்டிப் பாருங்கள். எது ஒத்துவருகிறதோ அதுவே அளவு.

விஸ்கோஸ் ஈரத்தில் ஏறக்குறைய பாதி பலத்தை இழந்துவிடும். கட்டுப் போட்டிருந்தால் ஈரத்தோடு இழுத்து அவிழ்க்காதீர்கள், கட்டைச் சுற்றிக் கிழியும். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகு, இரண்டு பேர் இரண்டு ஓரத்தையும் பிடித்துக் குறுக்குவாட்டில் மெதுவாக இழுத்தால் நூல் தானே தெறித்து விழும்.

நாப்தால் அரக்கை அதோடு ஜோடி சேர்க்கப் பார்க்காதீர்கள், கலர் எந்தக் கிண்ணத்திலும் ஒத்துவராது. அரக்குப் பருத்தியையும் ரியாக்டிவிலேயே புதிதாகப் போட்டுவிடுங்கள்.

நூல்கண்டு:

மூணு கிண்ணமும் நாளைக்குப் போடுறேன். பாவாடைக்கு ஒரு சேலை இப்பவே ஊறிக்கிட்டு இருக்கு.

கத்தரிக்கோல்:

ஊறின துணியை முறுக்கிப் பிழியாதீங்க தங்கச்சி, பாவு கோணிரும். ரெண்டா மடிச்சுக் கொடியில போட்டு, தண்ணி தானா வடியட்டும். லேசா ஈரம் இருக்கும்போதே கரையும் கரையும் நேரா நிக்கிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு உதறிட்டுத் தேய்ங்க. அப்புறம் வெட்டலாம்.